மூச்சுக்கும் விழுங்கலுக்கும் நடுவே

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை முலை தேடிச் சப்புவதை உலகம் இயல்பென்று கடந்துவிடுகிறது. சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒரே தொண்டையில் மோதாமல் நடத்தும் நுட்பம் அது. விழுங்கும் கணத்தில் மூச்சு நின்று, உடனே மீள வேண்டும். கருவிலேயே சிசு பனிக்குட நீரை விழுங்கப் பழகுகிறது. ஆனால் அங்கே நுரையீரலால் மூச்சுவிடும் தேவை இல்லை. மூன்றும் இணங்கும் திறன் ஏறத்தாழ 34 வாரங்களில்தான் கைகூடுகிறது.

வட இந்திய நகரம் ஒன்றின் அரசு மருத்துவமனையில், 30 வாரத்தில் மகளைப் பெற்றாள் ஒரு தாய். எடை 1,200 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவள் பீய்ச்சித் தந்த பால், வாய்வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயில் இறங்கியது. பால் தருகிறோம், ஆனால் பாலூட்டவில்லை என்ற எண்ணம் அவளை அரித்தது. பதிவேட்டின் மில்லிலிட்டர்களே அவளுடைய நாளைத் தீர்மானித்தன.

செவிலியர் குழந்தையைத் தோலோடு தோலாக அவள் மார்பில் அணைக்கச் செய்தனர். இன்குபேட்டர்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய பொகோட்டாவில், 1978இல் மருத்துவர் எட்கர் ரேய் தொடங்கிய கங்காரு முறை அது. பிறகு, குழாயில் பால் இறங்கும்போதே, பீய்ச்சி வெறுமையாக்கிய முலையைச் சப்பவிட்டனர். வாய் அசைவதும் வயிறு நிறைவதும் ஒன்றோடொன்று பழகட்டும் என்பதே நோக்கம்.

33ஆம் வாரத்தில் கிண்ணமும் கரண்டியும் வந்தன. தென்னிந்திய வார்டுகளில் இந்த இடத்தில் பாலாடை இருக்கும். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏட்டுக்கும், மூக்குள்ள இந்தச் சிறு கலத்துக்கும் தமிழில் அதே சொல். கரண்டியோ பாலாடையோ, சப்பும் வலு இன்னும் வராத குழந்தையும் பருகலாம். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

ஒரு நாள் 18 மில்லியையும் முடித்துவிடும் அவசரத்தில் தாய் கரண்டியை விரைந்து சாய்த்தாள். குழந்தை விரல்களை விரித்தது, நெற்றியைச் சுருக்கியது, முகத்தைத் திருப்பியது. கடைவாயில் பால் வழிந்தது. உதடு நீலம் பாய்ந்தது. மூத்த செவிலி கரண்டியை விலக்கிக் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தார். நிறம் திரும்பிய பிறகு சொன்னார்: "மகளே, ஆறு மில்லியிலேயே இவள் போதும் என்றாள். நீதான் கேட்கவில்லை." மீதியைக் குழாய் ஏற்றுக்கொண்டது.

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: 71, 110. ஒன்றில் அரசவை, மற்றொன்றில் காதல். சொல்லாததை முகத்தில் படிக்க வேண்டிய இடங்கள் அவை. பச்சிளங்குழந்தை வார்டும் அத்தகையதே. மொழி கற்றலை முதற்சொல்லிலிருந்து எண்ணுவோர் உண்டு. ஆனால் இங்கே, சொல்லுக்கு ஓராண்டு முன்பே, குழந்தை வேண்டும் என்கிறது, வேண்டாம் என்கிறது. கை வாய்க்குச் செல்வதும் நாக்கு நீள்வதும் வேண்டல். விரியும் விரல் மறுப்பு. பதிவேட்டில் மில்லிக்குக் கட்டம் இருந்தது; விரலுக்கு இல்லை. பல குழந்தைகளை ஒரே செவிலி பார்க்கும் இடத்தில், அந்தக் கட்டத்தைத் தாயின் கண்களே நிரப்ப வேண்டியிருக்கிறது.

35ஆம் வாரத்தில் குழாய் அகற்றப்பட்டது. அதற்குள் அடுத்த படுக்கையில் புதிதாக ஒரு தாய் வந்து, எத்தனை மில்லி குடிக்க வேண்டும் என்று கேட்டாள். இவள் அளவைச் சொல்லவில்லை. "முதலில் விரல்களைப் பார்," என்றாள்.