போதகருக்கும் ஒரு போதகர் வேண்டும்

ஒரு தோட்டத்தில் உண்மையில் என்ன நடக்கின்றது என்பதை அறிய வேண்டுமானால் யாரிடம் போவது? துரையிடம் போனால் கம்பனியின் கணக்குக் கிடைக்கும். சங்கத் தலைவரிடம் போனால் சங்கத்தின் கணக்குக் கிடைக்கும். வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் செய்தி தேடி அலைந்த பழக்கத்தில் சொல்கிறேன்: கோயில் பூசகரையும் சபைப் போதகரையும் போய்ப் பாருங்கள். எந்த லயத்தில் நேற்றிரவு அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அண்மையில் அப்பகுதியில் ஊழியம் செய்யும் பப்டிஸ்ட் போதகர் ஒருவருடன் நெடுநேரம் உரையாட நேர்ந்தது. முப்பது குடும்பங்கள் கொண்ட சிறிய சபை. பிரசங்கம், மரண வீடு, குடும்பச் சண்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று அனைத்திற்கும் அவரே. "எல்லாருக்கும் நான் ஜெபிக்கிறேனுங்க. எனக்கு யாருங்க ஜெபிக்கிறது?" என்று அவர் கேட்டது என் மனதை விட்டு அகலவில்லை. அவரைப் போன்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

இலங்கைக்குப் பப்டிஸ்ட் மிஷன் புதிதல்ல. ஜேம்ஸ் சேட்டர் பர்மாவிலிருந்து கொழும்புக்கு வந்தது 1812 இல். கண்டி, மாத்தளை வரை அதன் பணி விரிந்தது. தோட்டத் தமிழரிடையே அங்கிலிக்கன் சபையார் 1854 இல் தொடங்கிய மிஷனோ திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார்களை வரவழைத்தது. தோட்டம் தோட்டமாகச் சென்று உழைத்த அந்த உபதேசிமாரின் வாழ்க்கை, இன்றைய சிறுசபைப் போதகரின் வாழ்க்கையிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

பப்டிஸ்ட் மரபில் சபை தன்னைத் தானே ஆளுகின்றது. ஆயர் என்று மேலிருந்து கட்டளையிட ஒருவர் இல்லை. சங்கமய என்ற ஒன்றியம் இருந்தாலும், உள்ளூர்ச் சபையின் தீர்மானம் சபையாரின் கூட்டத்திலேயே பிறக்கின்றது. இது பெரும் சுதந்திரம். ஆனால், களைத்துப்போன போதகரைக் கண்டறிந்து, ஓய்வு கொடுத்து, மாற்றாள் அனுப்பும் கடமையும் அதே கூட்டத்தின் தலையில்தான் விழுகின்றது. பல சபைகள் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு, கடமையை விட்டுவிடுகின்றன.

நான் கண்டவற்றிலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என நினைக்கிறேன்.

முதலாவது, வயிற்றுப்பாடு. முழுநேர ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க இயலாத சபையில் போதகர் வேறு தொழில் செய்வதில் வெட்கமில்லை. வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர். வங்காளத்துக்கு வந்த பின்னரும் 1794 முதல் சில ஆண்டுகள் அவுரித் தொழிற்சாலையொன்றை நிர்வகித்தே குடும்பத்தைக் காத்தார். பவுல் கூடாரம் செய்தார். மரக்கறித் தோட்டமோ, முச்சக்கர வண்டியோ, பிள்ளைகளுக்கு மாலை வகுப்போ எதுவாயினும், மறைத்துச் செய்யாமல் சபையாரிடம் சொல்லியே செய்யுங்கள். மறைக்கப்படும் வருமானம் வதந்தியாகவே திரும்பி வரும்.

இரண்டாவது, காணிக்கைக் கணக்கு. தோட்டத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1000 ரூபாய் என்பது 2021 இல்தான் வர்த்தமானியில் வந்தது. அதற்காக அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அத்தகைய கைகளிலிருந்து வரும் காசு அது. போதகர் அதைத் தொடாதிருப்பதே நல்லது. இருவர் எண்ண வேண்டும். இருவர் கையொப்பமிட வேண்டும். மாதம் ஒருமுறை சபையில் உரக்க வாசிக்க வேண்டும். இது போதகரைச் சந்தேகிக்கும் ஏற்பாடு அன்று; அவரைக் காக்கும் ஏற்பாடு.

மூன்றாவது, சுமையைப் பகிர்தல். காலை முதல் மாலை வரை மக்களுக்கு நியாயம் தீர்த்துச் சோர்ந்த மோசேக்கு, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை நியமிக்கும்படி யோசனை சொன்னவர் மாமனார் எத்திரோ. நமது மலையகச் சபைகளில் அந்தத் தலைவர்கள் ஏற்கனவே இருக்கின்றார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து ஜெபக்கூட்டத்தை நிரப்புபவர்கள் பெண்களே. சீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருக்கும் அந்தப் பெண்களுக்குச் சபைக் கணக்கையும் டீக்கன் பொறுப்பையும் கொடுப்பதில் என்ன தயக்கம்?

நான்காவது, மலை. 2007 ஜனவரியில் வலப்பனை மண்சரிவுகளைக் கண்டது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களே புதையுண்டன. ஆபத்து என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு விடுக்கப்பட்டிருந்தது; மக்கள் இடம்பெயர்க்கப்படவில்லை. 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலையகம் அதில் பேரடி வாங்கியது. ஆகவே ஒவ்வொரு சபையும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், எங்கே கைக்குழந்தை, யாரிடம் வாகனம், கிராம அலுவலரின் தொலைபேசி எண் என்ன, எந்தக் கட்டடம் பாதுகாப்பானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தவுடன் யார் யாரை எழுப்புவது என்பதைக் கோயிலோடும் பன்சாலையோடும் மழைக்கு முன்னரே பேசி வைத்திருங்கள். மண் சரியும்போது அது மதம் பார்ப்பதில்லை.

இறுதியாக, ஓய்வு. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவைக் கேட்ட எலியாவுக்கு முதலில் கிடைத்தது கண்டனமல்ல, உணவும் உறக்கமும். பணி அதற்குப் பிறகே வந்தது. வாரத்தில் ஒரு நாள் கைத்தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போதகர் ஓய்வெடுக்கட்டும். மாதத்தில் ஒரு நாள் அயலிலுள்ள மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க ஊழியர்களோடு தேநீர் அருந்தட்டும். தன் சபையாரிடம் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம்.

சபை டீக்கன்மாருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கூரைத் தகரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் முன்னதாக, மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். போதகர் வீட்டில் அரிசி இருக்கின்றதா? பிள்ளைகளின் படிப்புச் செலவை அவர் எப்படிச் சமாளிக்கின்றார்? அவர் கடைசியாக எப்போது மருத்துவரிடம் போனார்? பதில் தெரியாவிட்டால், அன்றைய கூட்டத்தை அவருடைய வீட்டிலேயே நடத்துங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.