கவிழ்த்த மங்கு

ரிங்லெட்டில் காலை பத்து மணிக்கு முன்னால் ஸ்பிரே டப்பாவைத் தொடக் கூடாது. மதியம் ரெண்டுக்குப் பிறகும் கூடாது. மலேசியாவில் 1,100 மீட்டருக்கு மேலே இருக்கிற மலையூர். விடிந்தால் மூட்டம், பொழுது சாய்ந்தால் மழை. நடுவில் கிடைக்கிற நாலு மணி நேரம்தான் பிரைமருக்கு. போன வருஷம் ஒரு சாயங்காலம் அவசரப்பட்டு, வர்ணம் தீட்டி முடித்து வைத்திருந்த பதினொரு பொம்மைச் சிப்பாய்களுக்கு மேட் வார்னிஷ் அடித்தேன். காற்றிலிருந்த ஈரமும் வார்னிஷோடு சேர்ந்து இறங்கியது. காய்ந்த பிறகு பார்த்தால் பதினொரு பேரும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாரம் வேலை. அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பளபளப்பு வார்னிஷை பிரஷ்ஷால் மேலே தடவினால் அந்த வெண்மை அடங்கும் என்று பிறகு தெரிந்தது. ஒன்பது பேர் பிழைத்தார்கள். இப்போது வார்னிஷ் எல்லாம் பிரஷ்ஷில்தான்.

ஈரத்தால் ஒரு நன்மையும் உண்டு. சாப்பாட்டு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சு, அதன் மேல் பேக்கிங் தாள், அதன் மேல் பெயின்ட். கீழே ஈப்போவில் ஒரு மணி நேரத்தில் தோலாடை கட்டுகிற பெயின்ட் இங்கே மறுநாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். ஸ்பாஞ்சில் பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு துண்டுச் செம்புக் கம்பி.

*

பொம்மையின் உயரம் 28 மில்லிமீட்டர். என் சுண்டுவிரலின் முதல் கணுவைவிடக் கொஞ்சம் அதிகம். ஏறக்குறைய ஐம்பத்தாறில் ஒரு பங்கு அளவு. மேசை மேல் மலை, ஆறு, சடக்கு எல்லாம் செய்து, இரண்டு பக்கமும் படையை நிறுத்தி, அளவுநாடாவும் தாயக்கட்டையும் வைத்து ஆடுகிற ஆட்டம். எச். ஜி. வெல்ஸ் 1913இல் இதற்கு விதி வகுத்து ஒரு புத்தகமே எழுதினார். அவர் தரையில் பரப்பியது வில்லியம் பிரிட்டன் கம்பெனியின் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்கள். 1893இல் அந்த வார்ப்பு முறை வந்த பிறகுதான் பொம்மைச் சிப்பாயின் விலை சாதாரண வீடுகளுக்கு எட்டியது. இன்றைக்கு பிளாஸ்டிக், ரெசின். அரக்கனும் விண்வெளி வீரனும் விற்கிற அளவுக்கு வேறெதுவும் விற்பதில்லை. நான் ஆடுவது ஆண்டுக்கு நாலு தடவை, வர்ணம் தீட்டுவது ஆண்டு முழுக்க.

*

நான் எடுத்துக்கொண்டது மலாயாப் போர். இரண்டே இடங்கள். ரிங்லெட்டிலிருந்து வளைந்து வளைந்து தாப்பாவுக்கு இறங்கி, வடக்கே திரும்பினால் கம்பார், தெற்கே போனால் சிலிம் ரிவர். இரண்டும் எங்கள் மலையின் காலடியில் நடந்த சண்டைகள்.

கம்பாரில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நாலு நாள் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரைப் பிடித்து நிறுத்தின. அதற்கு முந்திய சண்டைகளில் தேய்ந்துபோன லெஸ்டர்ஸ், ஈஸ்ட் சர்ரேஸ் என்ற இரண்டு படைப்பிரிவுகளைச் சேர்த்துக் கட்டிய ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ ஒரு பக்கம். 1/8 பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியக் கம்பெனி துப்பாக்கி முனையில் கத்தி மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் பாய்ந்தது இன்னொரு பக்கம். இந்த வரலாற்றை விடாமல் தேடி எழுதி, சண்டை நடந்த கிரீன் ரிட்ஜ் மேட்டைக் காப்பாற்றப் போராடியவர் கம்பார் ஆசிரியர் சை கூய் லூங். அவர் இல்லாவிட்டால் என் மேசையில் பாதி இல்லை.

சிலிம் ரிவரில் நடந்தது வேறு. 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன் இருட்டில் ஜப்பானிய டாங்கிகள் பெரிய சடக்கிலேயே உருண்டு வந்தன. துரோலாக் பக்கம் முதலில் அகப்பட்டது 4/19 ஹைதராபாத் படைப்பிரிவு. அடுத்து 5/2 பஞ்சாப், அதற்கும் அடுத்து ஸ்காட்லாந்து ஆர்கைல்ஸ். சடக்கை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் பக்கத்திலேயே புதர் மண்டிக் கிடந்தன. டாங்கிகள் அந்த வளைவுகளுக்குள் புகுந்து தடைகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தன. ஒரு காலைப் பொழுதுக்குள் ஒரு டிவிஷன் சிதறியது. கோலாலம்பூருக்கு வழி திறந்தது அங்கேதான்.

அந்தச் சடக்கின் இரண்டு பக்கமும் காடு, கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம். மேசையில் இதை வைக்க வேண்டுமானால் முதலில் கித்தாக்காடு வேண்டும்.

*

காக்கி என்றால் புழுதி நிறம். பாரசீகச் சொல். பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில் இந்தியச் சிப்பாய்களின் உடுப்பு ஒரே பழுப்பு மஞ்சள். மெய்யான பருத்திக் காக்கி நாலு வெளுப்பில் மங்கிவிடும். பத்துப் பேரை நிறுத்தினால் பத்து நிறம் தெரிய வேண்டும். ஒரே 17 மில்லி குப்பியிலிருந்து எடுத்த காக்கியில் ஒருவனுக்கு ஒரு சொட்டு வெள்ளை, ஒருவனுக்கு ஒரு சொட்டு பச்சை, ஒருவனுக்குக் கொஞ்சம் தவிட்டு நிறம். முட்டியிலும் அக்குளிலும் தண்ணீராகக் கரைத்த பழுப்பு வாஷ். அது மடிப்புகளில் போய்த் தேங்கி நிற்கும்போது துணி துணியாகத் தெரிய ஆரம்பிக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த ஒரு நிமிஷம் அலுப்பதில்லை.

‘தோல்’ என்று பெயரெழுதிய குப்பியைத் திறந்தால் வெளுத்த ரோஜா நிறம். எங்கள் ஊரில் அந்த நிறத்தில் எவர் தோலும் இல்லை. கரும்பழுப்பு, செங்காவி, ஒரு துளி மஞ்சள் கலந்து நானே செய்துகொள்கிறேன். கருத்த தோலுக்கு மேல்வெளிச்சம் வைக்கும்போது வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்துவிடும். மஞ்சளும் ஆரஞ்சும் கலக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆனது.

தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஸ்தபதி கடைசியாகத்தான் சாமிக்குக் கண் திறந்தார். நான் கண்ணை முதலில் வைக்கிறேன். வெள்ளைக் கீற்று ஒன்று, அதன் நடுவே மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு, பிறகு கன்னத்து நிறத்தால் ரெண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு வந்தால் கண் அளவுக்கு வரும். தப்பினால் முகம் முழுவதையும் திரும்பத் தீட்டலாம்; உடுப்பு கெடாது. ஆனாலும் கறுப்புக் கோடு வைக்கிற நேரத்தில் ஸ்தபதியை நினைக்காமல் இருந்ததில்லை. மூச்சை நிறுத்திக்கொள்வதில் அவருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

*

ஆளைத் தீட்டுவதோடு வேலை பாதிதான் முடிகிறது. அவன் நிற்கிற 25 மில்லிமீட்டர் வட்டம் பாக்கி. பேஸ். பெரும்பாலானவர்கள் பையில் வருகிற செயற்கைப் புல்லைத் தூவி முடித்துக்கொள்கிறார்கள். அது ஐரோப்பிய மேய்ச்சல் நிலம். அந்தப் புல்லில் நிற்கிற பஞ்சாப் சிப்பாய் கம்பாரில் இல்லை, வேறெங்கோ இருக்கிறான்.

சின்ன வயதில் அம்மா கொலு வைப்பார். பண்ருட்டிப் பொம்மைகள் படியில் இருக்கும். எனக்குப் பிடித்தது கீழே தரையில் கட்டுகிற பார்க். தட்டில் மண், அதில் கேழ்வரகு முளை, கண்ணாடித் துண்டு குளம், மரத்தூளுக்குச் சாயம் போட்டு நடைபாதை. பொம்மைக்கு உயிர் வருவது தரையில் இறங்கிய பிறகுதான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. இன்றைக்கும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மண் எங்கிருந்தும் எடுக்கலாம். மழைக்குச் சரிந்த சடக்கோரச் செம்மண் ஒரு டப்பா. சுல்தான் அபு பக்கார் அணை ஏரியின் ஓரத்து வண்டல் ஒரு டப்பா. காய்கறித் தோட்டங்களிலிருந்து வருஷக்கணக்காக அடித்து வந்து ஏரியை நிரப்புகிற வண்டல் அது, மாவு போல. ஆற்றங்கரை செய்ய இதைவிட நல்லது கிடைக்காது. வாணலியில் வெறுமனே வறுத்து, சலித்து, வெள்ளைக் கோந்து தடவிய வட்டத்தில் அழுத்துகிறேன். காய்ந்ததும் கரும்பழுப்பு. பிறகு பிரஷ்ஷில் வெளிர்நிறம் தொட்டு, டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து, இனி ஒன்றும் ஒட்டாது என்கிற நிலையில் மேலோடு வீசினால் மணல் மணியின் தலையில் மட்டும் வெளிச்சம் விழும். டிரை பிரஷ்.

முதலில் எல்லாவற்றையும் செம்மண்ணாகவே செய்தேன். தப்பு. கித்தாக்காட்டில் மண் தெரியாது, இலைதான் தெரியும்.

*

இலைக்கு நான் வெளியே போகவே வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பகுதியில் இருபது வருஷமாக வேலை. எந்தத் தூள் எந்தக் கண்ணில் இறங்கும் என்பது கைக்குத் தெரியும். டஸ்ட் ரொம்பப் பொடி. பேஸில் தூவினால் வெறும் அழுக்கு. அதைவிடப் பெரிய பிஓபி தூள் சரியாக இருக்கிறது. கணக்கும் ஒத்துவருகிறது: பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள கித்தா இலையை ஐம்பத்தாறால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெளிநாட்டில் பர்ச் மரத்து விதைச் செதிலைக் காசு கொடுத்து வாங்கி இலையென்று தூவுகிறார்கள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் பெரியவர்கள் கொழுந்து பறித்த இலை எனக்குச் சமையலறையிலேயே இருக்கிறது.

தே போட்டு வடிகட்டிய சக்கையைத்தான் எடுக்க வேண்டும். சாயம் இறங்கியிருப்பதால் கோந்தைக் கறைப்படுத்தாது. நன்றாகக் காய வேண்டும், வெயிலை நம்பக் கூடாது. அரைக்காய்ச்சலாக ஒட்டிய ஒரு டிரேயில் மூன்றாம் வாரம் வெள்ளைப் பூசணம் பூத்தது. இப்போது அடுப்பில் சிறு தீயில் வைத்து, விரலில் நொறுங்கும்வரை.

நிறத்தில் ஒரு விஷயம். கித்தா மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச் வாக்கில். அப்போது தரை செம்பும் ஆரஞ்சுமாக இருக்கும், படம் எடுக்க அழகு. சண்டை நடந்தது ஜனவரியில். கீழே கிடந்தது போன வருஷத்து மட்கிய இலை. கரும்பழுப்பு, அங்கங்கே சாம்பல். அழகை விட்டுவிட்டேன்.

*

ஜான்சி ராணிப் படை என்ற பெயரில் எந்தப் பெட்டியும் என் கண்ணில் படவில்லை. 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் தொடங்கி, டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையேற்ற படை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். பால் வாளி தூக்கிய கையில் துப்பாக்கி. ஒருத்தியையாவது செய்ய வேண்டும் என்று பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவனின் தலையை அறுத்து, மஞ்சளும் நீலமும் பிசைந்தால் பச்சையாகிற எபாக்சி மாவில் பக்கத் தொப்பியும் பின்னலும் வைத்துப் பார்த்தேன். தோள் இன்னும் ஆணின் தோளாகவே இருக்கிறது. மூன்றாவது முயற்சி நடக்கிறது. விடுவதாக இல்லை.

*

கித்தா மரம்: முறுக்கிய கம்பி, அதன் மேல் பேப்பர் டேப், சாம்பல் வெள்ளை. வரிசை தப்பாமல் நட வேண்டும். கித்தாக்காட்டின் முகமே அந்த வரிசைதான். பட்டையில் சரிவாக ஒரு வெட்டு, அதன் முனையில் பால் வடிகிற மங்கு. மங்குக்கு என்ன செய்வது என்று பல நாள் யோசித்தேன். பாசிமணி பெரிதாக இருந்தது. பிறகு ஊறுகாய்க்கு வாங்கிய உடைத்த கடுகு கண்ணில் பட்டது. பாதிக் கடுகு! ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. பன்னிரண்டு சென்டிமீட்டர் மங்கு இந்த அளவில் ரெண்டு மில்லிமீட்டர், கடுகு அதே அளவு. தட்டைப் பக்கம் மேலே பார்க்க ஒட்டி, நடுவில் வெள்ளைப் புள்ளி வைத்தேன். பால் நிறைந்த மங்கு. நாற்பது மரம், நாற்பது மங்கு. இதுவரை செய்ததிலேயே எனக்குப் பெருமையான வேலை.

பெரியம்மா வந்திருந்தார். கல்யாணமாகி மலைக்கு வருவதற்கு முன் துரோலாக் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். சிப்பாய்களை அவர் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்துக்குக் குனிந்தார்.

“கோடு மாறிப் போச்சே தம்பி.”

“எந்தக் கோடு பெரிம்மா?”

“வெட்டு. இடது கைப் பக்கம் ஒசரம், வலது கைப் பக்கம் எறக்கம். அப்படி வெட்டுனாத்தான் பால் நல்லா வரும். நீ எல்லாத்தையும் திருப்பிப் போட்டிருக்க.”

பால் ஓடுகிற நாளங்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்குகிற வெட்டு அதிக நாளங்களை அறுக்கும். புத்தகத்தில் பிறகு பார்த்தேன். பெரியம்மா புத்தகம் பார்த்ததில்லை. வலது கையை மேலே தூக்கி, கத்தி பிடித்த மாதிரி விரலை மடக்கி, காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார்.

அதோடு விடவில்லை. “இது என்னைக்கு நடக்குற சண்டை?”

“ஜப்பான்காரன் வந்தப்ப. விடியறதுக்கு முன்னாடி.”

“அப்ப மங்குல ஏது பால்? ஜப்பான்காரன் வர்றான்னு லயமே காலி. எங்கம்மாவ இடுப்புல வச்சுக்கிட்டு எங்க பாட்டி காட்டுக்குள்ள ஓடியிருக்கு. மரவள்ளிக் கெழங்கைத் தின்னுக்கிட்டு அங்கேயே கெடந்திருக்காங்க. எவன் பால் வெட்டுனான்?”

“அப்ப மங்கு எப்படி இருக்கும் பெரிம்மா?”

“கவுந்துதான் கெடக்கும். மழத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு கவுத்து வச்சுட்டுத்தான் வருவோம்.”

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பாட்டியின் தம்பியை அதற்கு அடுத்த வருஷம் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள் என்றும் சொன்னார். 415 கிலோமீட்டர் பாதை அது. திரும்பி வரவில்லை. இதைச் சொல்லும்போதும் அவர் விரல் மரத்தின் மேல்தான் இருந்தது.

*

பட்டை நாற்பதையும் சுரண்டித் திரும்ப வெட்டு வரைந்தாகிவிட்டது. இடது ஒசரம், வலது இறக்கம். பழைய வெட்டு ஆறிய தழும்பும் கீழே வேண்டும் என்று தோன்றியது, சேர்த்தேன்.

மங்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிலது உடைகிறது. தட்டைப் பக்கத்து வெள்ளையை மரத்தோடு ஒட்டவைத்து மறைத்து, உருண்டை முதுகு வெளியே தெரியும்படி கோந்து வைக்க வேண்டும். மண் மங்கின் நிறத்துக்குக் கொஞ்சம் காவி, ஓரத்தில் ஒரு மயிரிழை வெளிச்சம். இன்றைக்கு மழை சீக்கிரமே வந்துவிட்டது. இருபத்தாறு முடிந்திருக்கிறது.