அடுத்தது வரட்டும்

கியோத்தோ நிலையத்திலிருந்து கின்டெட்சு ரயிலில் தெற்கே போனால் ஒகுரா என்று ஒரு சின்ன நிலையம் வரும். தேயிலைக்குப் பேர்போன உஜி நகரின் ஓர் ஓரம் அது. உஜிக்குப் போகிறவர்கள் பொதுவாகப் பச்சைத் தேநீர் குடிப்பார்கள், பியோதோயின் ஆலயத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் போனது ஒரு பழைய சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையைப் பார்க்க.

2025 மார்ச் பள்ளி விடுமுறை. நான், மனைவி, பதின்மூன்று வயது மகன், எட்டு வயது மகள். ரயிலில் மகன் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பயணக் குறிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் முழுக்க முழுக்க ஊகங்கள். அந்த ஜனவரி 16ஆம் தேதி நிண்டெண்டோ நிறுவனம் ‘ஸ்விட்ச் 2’ வரப்போகிறது என்று ஒரு சின்னக் காணொளி மூலம் அறிவித்திருந்தது. உருவத்தைக் காட்டினார்களே தவிர, விலை என்ன, திறன் என்ன, என்றைக்குக் கடைக்கு வரும் என்று எதுவும் சொல்லவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி சொல்கிறோம் என்றுவிட்டார்கள். இடைப்பட்ட பதினோரு வாரமும் என் மகனுக்கு அந்த நோட்டுதான் உலகம்.

திரை: ஓலெட். தொலைக்காட்சியில் இணைத்தால்: 4கே. விலை: 399 அமெரிக்க டாலர். பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை மேசையில் வைத்துக் கணினி மவுஸ்போல நகர்த்தலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை விழுக்காடு உறுதி என்றுகூட எழுதியிருந்தான். பள்ளிப் பாடத்தில் இந்த ஒழுங்கைப் பார்த்ததில்லை.

ஒரு வரிக்கு நேராக மட்டும் கேள்விக்குறி. காணொளியில் வலப்பக்கக் கருவியில் எழுத்தே இல்லாத ஒரு சதுரப் பொத்தான் தெரிந்திருந்தது. அது எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

“யாரையாவது கூப்பிடறதுக்கா இருக்கும்” என்றார் மனைவி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

“அம்மா, அது போன் இல்ல” என்று சிரித்துவிட்டான் மகன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நோட்டு என்னை வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போனது.

1994இல் நான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதினேன். நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘டிவி கேம்’ வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். சொன்னபடி சிம் லிம் சதுக்கத்துக்கு அழைத்தும் போனார். எனக்கு வேண்டியது சூப்பர் ஃபேமிகாம். கடைக்காரர் நல்ல மனிதர். இது 16 பிட்தான், அடுத்த வருடம் 64 பிட்டில் புதிதாக வருகிறது என்று அவராகவே சொன்னார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு பிட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் 16க்கும் 64க்கும் உள்ள தூரம் தெரியும். “கொஞ்சம் பொறுத்துக்கடா. அடுத்தது வரட்டும், அதையே வாங்கிடலாம்” என்றார். அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதித்த காசு.

அடுத்தது வரவில்லை. 1995இல் வரும் என்றது 1996 ஜூனில்தான் ஜப்பானில் வந்தது. ‘நிண்டெண்டோ 64’ எங்கள் ஆங் மோ கியோ வீட்டுக்கு வந்தபோது 1997. எனக்குப் பதினைந்து வயது. பந்து விளையாட்டு, நண்பர்கள், சாத்திய கதவு என்று என் உலகம் மாறியிருந்தது. அப்பா பெட்டியைப் பிரித்து, மூன்று கொம்பு வைத்த அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இருக்கறது ரெண்டு கை, இதுல மூணாவதை எதால பிடிக்கிறது?” என்று கேட்டார். “உங்களுக்கு வராதுப்பா” என்று வாங்கிக்கொண்டேன். நாள் முழுக்க இரண்டு கைப்பிடிகளால் நாற்பதடிக் கொள்கலனைத் தூக்கிக் கப்பலில் அங்குலம் பிசகாமல் வைக்கிற மனிதரிடம் சொன்னேன். அதன்பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

ஒகுராவில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் நிண்டெண்டோ அருங்காட்சியகம். 1969இல் கட்டப்பட்ட ஆலை. சீட்டுக்கட்டுகள் தயாரான இடம். 2024 அக்டோபர் 2ஆம் தேதி அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நினைத்த நேரத்தில் போய் நுழைய முடியாது. மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் பதிந்து, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். பெரியவர்களுக்கு 3,300 யென், 12 முதல் 17 வயதுக்கு 2,200, 6 முதல் 11 வரை 1,100. நால்வருக்கும் சேர்த்து 9,900 யென் ஆனது. வாசலில் நிற்கும் காளான் தலைப் பொம்மைகளைத் தொட்டால் பாடுகின்றன. மகள் அங்கேயே நின்றுவிட்டாள்.

மேல்தளத்தில்தான் வரலாறு. படம் எடுக்க அனுமதி இல்லை. விளக்க எழுத்துகளும் அதிகம் இல்லை. 1889இல் கியோத்தோவில் ‘ஹனஃபுடா’ எனும் மலர்ச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய கடையிலிருந்து இன்றைய சாதனங்கள்வரை கண்ணாடிக்குப் பின்னே வரிசையாக நிற்கின்றன. பெற்றோர்கள்தான் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றிலும் எல்லா அப்பாக்களும் அம்மாக்களும் ஏதோ ஒரு பெட்டியைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மொழி புரியாவிட்டாலும் சொல்வது புரிந்தது.

என் மகனுக்கு நான் சொன்னது குன்பெய் யோகோயின் கதை. 1965இல் ஆலை இயந்திரங்களைப் பராமரிக்க வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஓய்வு நேரத்தில் தன் விளையாட்டுக்காகச் செய்த நீளும் கை ஒன்றை முதலாளி பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்தவரிடம், அதையே பொருளாகச் செய் என்றார் முதலாளி. ‘அல்ட்ரா ஹேண்ட்’ ஒரு மில்லியனுக்கு மேல் விற்றது. பிறகொரு நாள் ரயிலில், அலுவலகம் போகும் ஒருவர் கணக்குப்பொறியின் பொத்தான்களைப் பொழுதுபோகாமல் தட்டிக்கொண்டிருப்பதை யோகோய் கவனித்தார். 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது.

புத்தம் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். எல்லோரும் பழகி, விலை இறங்கிப்போன பழைய தொழில்நுட்பத்தை வேறு கோணத்தில் பயன்படுத்துவோம் என்பது அவர் கொள்கை. 1989இல் வந்த ‘கேம் பாய்’ அப்படித்தான் வந்தது. வண்ணம் கிடையாது. பின்னொளி கிடையாது. நான்கு சின்ன பேட்டரி. மறுவருடம் செகா நிறுவனம் வண்ணத் திரையுடன் ‘கேம் கியர்’ கொண்டுவந்தது. எண்களை மட்டும் வைத்து ஊகித்திருந்தால் கேம் பாய் அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் பையில் கிடந்து நாள்கணக்கில் ஓடும். பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 118 மில்லியனுக்கு மேல் விற்றது.

“அப்ப அவர் எப்பவும் சரியாத்தான் செஞ்சாரா?” என்று கேட்டான் மகன்.

அதற்கும் அங்கேயே பதில் இருந்தது. 1995இல் அதே யோகோய் உருவாக்கிய ‘வர்ச்சுவல் பாய்’. கண்களைப் புதைத்துப் பார்க்க வேண்டிய சிவப்பு நிறச் சாதனம். ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தள்ளி, 100 மில்லியனுக்கு மேல் விற்ற ‘வீ’. அதற்கு அடுத்து வந்து 13.56 மில்லியனோடு நின்றுபோன ‘வீ யூ’. அடுத்தது என்றால் முந்தியதைவிடப் பெரிதாகத்தான் வெல்லும் என்ற கணக்கு, செய்தவர்களின் சொந்த ஊரிலேயே பலிக்கவில்லை. மகன் நோட்டை எடுத்து எதையோ அடித்துத் திருத்தினான். என்னவென்று நான் கேட்கவில்லை.

கீழ்த்தளம் விளையாட்டுக் கூடம். நுழைவு அட்டையில் பத்து ‘நாணயம்’ இருக்கும். எதற்குச் செலவழிப்பது என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். மனைவியும் மகளும் தலையணை அடுக்கிய ஒரு பழங்கால அறையில் பந்தடிக்கப் போய்விட்டார்கள். மகன் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடத்தில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்ட கட்டுப்பாட்டுக் கருவிகள். ஒருவரால் இயக்க முடியாது. ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் இன்னொருவர் நின்றால்தான் ஆட்டம் நகரும்.

அவற்றில் ஒன்று மூன்று கொம்பு வைத்தது.

“அப்பா, நடுவுல இருக்கற ஸ்டிக்க நீங்க பாத்துக்குங்க. நான் பட்டன்” என்றான்.

இரண்டு கையாலும் அந்தக் குச்சியைப் பிடித்துத் தள்ளினேன். திரையில் மாரியோ நேராக ஓடிப்போய்ச் சுவரில் முட்டினார். “அப்பா, மெதுவா. கொஞ்சமாத் தள்ளுங்க. ஆ, அப்படித்தான். இப்ப நான் குதிக்கிறேன்.” ஒரு நாணயத்தைக்கூட உருப்படியாகப் பிடித்த ஞாபகம் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. “உங்களுக்கு வராதுப்பா” என்று அவன் சொல்லவே இல்லை. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்பது வெளியே வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

அன்று மாலை கியோத்தோவில் காமோ ஆற்றுப் பக்கம் நடந்தோம். காகியா-சோ என்ற பகுதியில் நிண்டெண்டோவின் பழைய தலைமையகம் இருக்கிறது. 1930இல் கட்டியது. 2022 முதல் ‘மருஃபுகுரோ’ என்ற ஹோட்டல். எங்கள் வசதிக்கு எட்டாத வாடகை. வெளியே நின்று பார்க்கக் காசில்லை. சீட்டுக்கட்டு நிறுவனம் என்று சொல்லும் பழைய பெயர்ப்பலகை இன்னும் சுவரில் இருக்கிறது. அமைதியான தெரு. மகன் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு கேட்டான்: “அப்பா, வந்தா வாங்குவோமா? இல்ல, பிளேஸ்டேஷன் 6 வரட்டும்னு சொல்வீங்களா?”

உண்மையில் அதைத்தான் சொல்ல இருந்தேன். அவன் வீட்டில் வைத்திருப்பது 2018இல் வாங்கிய பழைய ஸ்விட்ச். கேட்கும்போதெல்லாம், புதியது வரும், பொறு என்று நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். திறனையும் விலையையும் தேதியையும் ஊகித்த நோட்டில், அது வரும்போது தனக்கு என்ன வயதிருக்கும் என்று அவன் எழுதவில்லை. அது பெற்றவர் போட வேண்டிய கணக்கு. பதின்மூன்று வயதுப் பையன் அப்பாவை விளையாடக் கூப்பிடுவது இன்னும் எத்தனை காலத்துக்கு?

“இதையே வாங்குவோம்” என்றேன்.

ஏப்ரல் 2, புதன்கிழமை இரவு 9 மணி. மறுநாள் பள்ளி இருந்தும் அனுமதித்தோம். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தான். திரை 7.9 அங்குலம், ஆனால் ஓலெட் இல்லை, எல்சிடி: தப்பு. தொலைக்காட்சியில் 4கே: சரி. மவுஸ்: சரி, அறையே அதிரக் கத்தினான். விலை 449.99 டாலர்: தப்பு. ஜப்பானில் மட்டும் விற்கும் ஜப்பானிய மொழிப் பதிப்புக்கு 49,980 யென். கடைசியாக அந்த எழுத்தில்லாத பொத்தான். ‘சி’ என்று எழுத்து வந்திருந்தது. அழுத்தினால் விளையாடிக்கொண்டே நண்பர்களை அழைத்துப் பேசலாம்.

மனைவி சலவைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஜூன் 5ஆம் தேதி ஜப்பானிலும் பல நாடுகளிலும் விற்பனைக்கு வந்து, நான்கே நாளில் 3.5 மில்லியனுக்கு மேல் விற்றது. எங்களுக்கு ஒன்று கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. இப்போது நோட்டில் புதுப் பக்கம் தொடங்கிவிட்டது. பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006, 4 வந்தது 2013, 5 வந்தது 2020. ஏழேழு ஆண்டு, எனவே ஆறாவது 2027 என்பது அவன் கணக்கு. அக்டோபரில் சோனியின் மார்க் செர்னி, ஏஎம்டியுடன் சேர்ந்து உருவாக்கும் புது வரைகலைத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசி, சில ஆண்டுகளில் வரும் சாதனமொன்றில் அதைப் பயன்படுத்த ஆசை என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மகன் அரைப்பக்கம் எழுதியிருக்கிறான். எழுதட்டும். ஊகிப்பதும் ஒரு விளையாட்டுதான். அதற்குப் பேட்டரிகூட வேண்டாம்.

புதிய பெட்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு ஆங் மோ கியோவுக்குப் போனோம். அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. பேரன் தொலைக்காட்சியில் இணைத்து, கார் பந்தயத்தைப் போட்டு, கருவியை நீட்டினான். தானாகத் திரும்பும் வசதியையும் போட்டுவிட்டான். நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல மூணாவது கொம்பு இல்லையா?” என்றார்.