மலைப்பக்கமிருந்து பதுளை

பதுளை நகரத்தைப் பதுளு ஓயா ஏறக்குறைய முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. கடல் மட்டத்திலிருந்து 680 மீற்றர் உயரம். நுவரெலியாவின் குளிரும் இல்லை, மொனராகலையின் வெயிலும் இல்லை. தென்கிழக்கே 2,036 மீற்றர் உயர நமுனுகுலை மலை நிற்கிறது. ஊரைத் தாண்டியதும் ஆறு வடக்கே போய், துன்ஹிந்தவில் 64 மீற்றர் விழுந்து, பிறகு மகாவலியோடு சேர்ந்துவிடுகிறது. வெளியூர்க்காரர் அந்த அருவியைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். மலைமேல் தோட்டங்களில் பிறந்த எங்களுக்குப் பதுளை வேறு ஊர். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, அடகுக் கடை, தீபாவளிச் சேலை, சோதனை எழுதப் போகும் பெரிய பள்ளிக்கூடம், இத்தனையும் அங்கேதான். “டவுனுக்குப் போறோம்” என்றால் பதுளைக்குத்தான்.

வெள்ளைக்காரன் உண்டாக்கிய ஊர் என்று இதைச் சொல்லிவிட முடியாது. முத்தியங்கன விகாரை இருக்கும் இடத்துக்குப் புத்தரே வந்தார் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. கண்டி இராச்சிய காலத்தில் ஊவாவின் தலைமையிடம் இது. 1630இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா படையோடு வந்து ஊரை எரித்தார். திரும்பிப் போகும் வழியில், வெல்லவாயாவுக்கு அருகே ரந்தெனிவெலவில், கூட வந்த உள்ளூர்ப் படைவீரர்கள் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தளபதி அங்கேயே மாண்டார்.

ஆங்கிலேயர் 1815இல் கண்டியைப் பிடித்தார்கள். இரண்டே வருடத்தில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தன. பதுளையில் ஆட்சிப் பிரதிநிதியாக இருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817இல் அம்பு பாய்ந்து இறந்தார். அதே வருடம் அவர் மனைவி சோபியாவும் பதுளையில் இறந்து அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறைக் கல்லை ஓர் அரச மரம் தன் அடிமரத்துக்குள் இழுத்துக்கொண்டு வளர்ந்தது. கிளர்ச்சியை அடக்கியது எப்படி என்று யாரும் அழகாகச் சொல்ல முடியாது. வயல்களை எரித்தார்கள், வாய்க்கால்களை உடைத்தார்கள், பலா மரங்களை வெட்டினார்கள், கால்நடைகளைக் கொன்றார்கள். தலைவர்களில் ஒருவரான கெப்பெட்டிப்பொலவின் தலை 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் வெட்டப்பட்டது. பட்டினியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

தோட்டத் தமிழர்களாகிய நாங்கள் எங்கள் கதையைப் பெரும்பாலும் கோப்பியிலிருந்தும் கங்காணியிலிருந்தும்தான் ஆரம்பிப்போம். ஊவாவைப் பொறுத்தவரை 1818ஐத் தாண்டிக் குதித்துவிட்டு அதைச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். நெல் விளைந்த ஊர்கள் பாழாகிக் கிடந்த நாட்டுக்குத்தான் எங்கள் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குரிய நிலமாக்கிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், அந்த நிலத்தைத் துரைமாருக்கு விற்க வழிசெய்தது. கிராமத்துச் சிங்களவருக்கு நிலம் போனது. ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவனுக்குச் சொந்த ஊர் போனது. இரண்டையும் செய்தது ஒரே கை. ஆனால் பிற்காலத்தில், ஒருவன் நிலத்தை மற்றவன் பிடித்துக்கொண்டான் என்றே இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. இந்த மாகாணத்தில் நடந்த கலவரங்களுக்கெல்லாம் அடியில் இந்தப் பொய் இருக்கிறது.

கோப்பி நெடுநாள் நிற்கவில்லை. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் பூத்ததுபோல் வந்து மரத்தையே மொட்டையாக்கும் நோய், இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869இல், பதுளைக்குக் கிழக்கே மடூல்சீமையில்தான். உலகக் கோப்பி வரலாற்றில் மடூல்சீமைக்கு அப்படி ஓர் இடம் உண்டு. கோப்பி முறிந்தது, தேயிலை வந்தது. ஸ்பிரிங்வெலி, தெமோதரை, பசறை, லுணுகலை என்று பச்சை பரவியது. 1886இல் ஊவா தனி மாகாணமாகி, பதுளை அதன் தலைநகரானது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார்.

நகரத்தின் நடுவே புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. 1857இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அழகான கட்டடம். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் பதுளையின் உதவி அரசாங்க அதிபர், நீதிபதியும் அவரே. பாதைகள் போட்டவர் என்று நல்ல பெயர் உண்டு. ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டவர் என்ற பெயரும் உண்டு. 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவரை மதித்தவர்கள் பணம் சேர்த்துத் தேவாலயம் எழுப்பி, அவர் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அதே காலத்தில் இந்த மலைகளுக்கு நடந்து வந்த வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை என்பதையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில் பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. பண்டாரவளை வரை 1894இலேயே பாதை போட்டாயிற்று. அதற்கப்பால் மலை விடவில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே இன்று உலகமே படம் பிடிக்க வரும் ஒன்பது வளைவுப் பாலம் அந்த வேலையில் கட்டப்பட்டதுதான். கல், செங்கல், சீமெந்து மட்டும்தான், இரும்பு கிடையாது. தெமோதரையில் தண்டவாளம் ஸ்டேஷனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இத்தனை சரிவில் ரயிலை எப்படி இறக்குவது என்று பொறியியலாளர் திகைத்து நின்றபோது, பக்கத்தில் நின்ற கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினாராம். துணியின் ஒரு சுற்று மற்றதன் கீழே போவதைப் பார்த்த துரைக்கு அந்த இடத்திலேயே வழி பிறந்ததாம். நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாதை வெட்டியவனின் கை வேலைக்கு நூறு சாட்சி உண்டு, அவன் மூளைக்கும் பங்கு உண்டு என்று மக்கள் தாங்களே எழுதிக்கொண்ட ஒரே குறிப்பு அது.

பதுளையைப் பார்க்க வேண்டுமென்றால் சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். பத்தாம் திகதி தோட்டத்தில் சம்பளம் போடுவார்கள். ஞாயிறு காலையில் பசறைப் பக்கத்து பஸ், ஸ்பிரிங்வெலிப் பக்கத்து பஸ் என்று ஒவ்வொன்றும் மிதிபலகை வரை ஆள் ஏற்றி வந்து கொட்டும். பசார் வீதியில் பத்து மணிக்குள் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. பெண்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். முதலில் அடகுக் கடை. தோட்டை மீட்கிறவர்கள் ஒரு பக்கம், மூக்குத்தியை வைக்கிறவர்கள் ஒரு பக்கம். அதன் பிறகு மாவு, கருவாடு, தேங்காய், பிள்ளைக்குக் கொப்பி. கடைக்கார முதலாளி துணியை விரித்துக்கொண்டே, “என்னா அக்கா, இந்த மாசம் எத்தன பேரு?” என்று கேட்பார். பேர் என்றால் பேர் விழுந்த நாள், வேலை செய்த நாள். எந்தத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தது, எங்கே அரைப் பேர் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வியாபாரம் அதை நம்பித்தான் ஓடுகிறது. மாலை நாலு மணிக்கு வீதி சட்டென்று வெறிச்சோடிப் போகும். பஸ்ஸெல்லாம் மலையேறிவிடும். இந்த நகரத்தின் கடைகளை நிறுத்தி வைத்தது கொழுந்துக் காசு என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. அதன் இரகசியம் காற்று. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக மலை இடுக்குகள் வழியே ஊவாவுக்குள் இறங்கும். தண்ணீர் கிடைக்காத செடி தன்னைக் காத்துக்கொள்ள இலைக்குள் சில வாசனைச் சத்துகளைச் சேர்த்துக்கொள்கிறது. அதுதான் கோப்பையில் நாவுக்குச் சில்லென்று தெரியும் அந்த ஊவா மணம். கொழும்பு ஏலத்தில் விலை ஏறும் காலம் அது. அதே வாரங்களில்தான் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும். விடியுமுன்னே குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். பீலியடியில் நடக்கும் சண்டை பூராவும் அந்தக் காலத்தில்தான். கொழுந்தும் வராது. கூடை நிறையாமல் மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கும்போது, அளவு கிலோ இல்லையென்றால் அரைப் பேர்தான் விழும். தேயிலைக்கு விலை கூடும் மாதத்தில் பறிக்கிறவள் கையில் காசு குறைவது ஊவாவின் பழைய கணக்கு. இதைச் சரிசெய்ய ஒரு நிர்வாகத்துக்கும் இத்தனை காலத்தில் மனம் வரவில்லை.

சகித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள் என்று சொல்வதும் அநியாயம். 1940இல் பதுளைக்குப் பக்கத்து வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் இந்த நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய இடம் பெற்றது. சமசமாஜக் கட்சியின் சங்கத்தோடு நின்ற தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்து, நிர்வாகத்தை அதனோடு பேச வைத்தார்கள். துரைக்கு முன்னால் செருப்போடும் குடையோடும் போகக் கூடாத காலம் அது. அந்தக் காலத்தில் இதைச் செய்தார்கள்.

எட்டு வருடம் கழித்து 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஒரே காம்பிராவில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று வந்தது. பதுளை ஸ்டேஷனில் அந்த நாட்களில் எழுந்த அழுகையைப் பற்றி அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தகரப் பெட்டியும் அம்மியும் ஏறும், அதற்கப்புறம் ஆள் ஏறும், ஏறினவர்களின் கையைக் கீழே நிற்கிறவர்கள் கோச்சி நகரும் வரை விடமாட்டார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் பலர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி தேயிலைக்கே போனார்கள். இங்கே மிஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

இந்த வாழ்க்கையை உள்ளே இருந்து எழுதியவர் தெளிவத்தை ஜோசப். ஹாலி எலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 2022இல் காலமானார். லயத்து அறையின் நெருக்கடி ஒரு குடும்பத்தின் மானத்தை எப்படித் தின்கிறது என்பதை அவருடைய ‘மீன்கள்’ கதையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பதுளைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு வந்தால் நல்லது.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதென்றால் எங்கே போவது? நிலம் தோட்டத்தினுடையது, லயமும் தோட்டத்தினுடையது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, உயிர்கள் போயின. ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் காணி என்று மேடையில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்களின் கையில் இன்னும் உறுதி இல்லை. சொந்த முகவரி இல்லாததால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வருகிறது. வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி கழிந்து கையில் கிடைத்த இளைஞர்களை எனக்கே தெரியும்.

காணி உறுதி அரசாங்கம் செய்ய வேண்டிய காரியம். அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். இதற்கிடையில் நாமே செய்யக் கூடியது ஒன்று உண்டு. பழைய துண்டுச் சீட்டு, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிரஜாவுரிமைக் கடதாசி, இந்தியாவுக்குப் போன மாமன் எழுதிய கடிதம் என்று வீட்டுத் தகரப் பெட்டியில் ஏதாவது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் பிடித்து வையுங்கள், இணையத்தில் இயங்கும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்த வழியாக வந்தோம் என்று இந்த மாதமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.