மண்டபத்தூர் மணலில் கற்ற பாடம்



காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி நோக்கி வடக்கே செல்லுங்கள். நண்டலாற்றை அடைவதற்கு முன் கிழக்கே கடற்கரைப் பக்கம் திரும்பினால் மண்டபத்தூர் என்னும் மீனவச் சிற்றூர் வரும். ஆற்றுக்கு அப்பால் தமிழ்நாடு. இப்பால் புதுவை ஒன்றியத்தைச் சேர்ந்த காரைக்கால். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அலைக்கழித்த கரைதான் இது. இன்று படகுகள் வரிசையாக நிற்கின்றன, வலைகள் காய்கின்றன.

உறவினர் இல்லத் திருமண விருந்துக்கு மீன் பேசுவதற்காக, சுப்ஹுத் தொழுகையை முடித்த கையோடு அங்கே சென்றிருந்தேன். வெளிச்சம் இன்னும் முழுமையாகப் பரவவில்லை. அலை பின்வாங்கிய ஈர மணலில் ஓர் இளம்பெண் ஓடிக்கொண்டிருந்தாள். நடப்பட்டிருந்த ஒரு பனைமட்டையிலிருந்து மற்றொரு மட்டை வரை ஓடித் திரும்பினாள், முழங்கால்களைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள், மீண்டும் ஓடினாள்.

படகருகே கிழிந்த வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"நம்ம பொண்ணுதான் பாய். காலேஜ் ரெண்டாம் வருஷம், நானூறு மீட்டர் ஓடுது. கயித்தைப் பாகம் போட்டு அளந்து நான்தான் மட்டை நட்டுக் கொடுத்தேன். போக நூத்திப்பத்து, வர நூத்திப்பத்து."

இரு கைகளையும் விரித்த நீளமே பாகம், ஏறத்தாழ ஆறடி. 110 பாகம் 200 மீட்டரைச் சற்றே தாண்டும். கடலின் ஆழத்தை அளக்கும் கணக்கால் ஒரு தந்தை தம் மகளுக்கு ஓட்டப்பாதை அமைத்திருக்கிறார்!

அந்த மாணவியின் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டறிந்தேன். விடியுமுன் ஓட்டம்; பிறகு பேருந்து பிடித்துக் கல்லூரி; மாலையில் மறுபடியும் பயிற்சி; இரவில் பாடம். ஈர மணல் கெட்டியானது. உலர்ந்த மணலில் கால் புதையும். அதில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் செலவாகும். உடல் உரம் பெறுவதற்காக வாரத்தில் இரண்டு நாள் அதிலும் ஓடுகிறாளாம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்காகச் சுமார் 130 கிலோமீட்டர் பயணம் செய்து புதுச்சேரி சென்றவள், சென்ற ஆண்டு நான்காவதாக வந்தாள்.

"இவ்வளவு பாடுபட்டு ஓடி என்ன கிடைக்கப் போகிறது, அண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்: "என்ன கிடைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா பாய் கடலுக்குப் போறோம்?"

நான் பதில் சொல்ல இயலாமல் நின்றேன்.

வாசகர்களே! நான்காம் இடம் என்றதும், கேரளத்துப் பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகிய பி.டி. உஷா என் நினைவுக்கு வந்தார். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தை அவர் 55.42 நொடியில் முடித்தார். மூன்றாமவர் முடித்தது 55.41 நொடியில். நொடியில் நூற்றில் ஒரு பங்கு பதக்கத்தைப் பறித்துவிட்டது.

அதே ஓட்டத்தில் 54.61 நொடியில் வென்றவர் யார் தெரியுமா? மொராக்கோவைச் சேர்ந்த நம் சகோதரி நவால் அல் முதவக்கில். அரபு நாட்டுப் பெண்களில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதலாமவர் அவரே. அப்போது அவர் அமெரிக்காவில் அயோவா மாநிலப் பல்கலைக்கழக மாணவி. ஓடுவதற்கு ஊக்கமளித்த தந்தை, மகள் அங்கே சென்ற சிறிது காலத்திலேயே காலமாகிவிட்டார். மகளின் வெற்றியைக் காண அவர் இல்லை. ஆனால் அவர் கொடுத்த இசைவு அந்த ஓட்டத்தில் இருந்தது.

உடை ஒழுங்கு என்னாவது என்று சிலர் வினவக்கூடும், நியாயமான வினாதான். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் சாரா அத்தார் தலையையும் கைகால்களையும் மறைத்த உடையில் 800 மீட்டர் ஓடினார். அவரும் கல்லூரி மாணவியே. மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்கிக் கடைசியாகத்தான் வந்தார். அரங்கமோ எழுந்து நின்று வரவேற்றது.

அவ்வளவு தொலைவு போவானேன்? மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். வெறுங்காலுடன் ஓடியவரின் திறமையைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தார் பயிற்சியாளர் கண்ணன். முதலில் தயங்கிய பாட்டி பின்னர் இசைந்தார். லேடி டோக் கல்லூரியில் படித்த அப்பெண், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

இனி, என் பிழையையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் குர்ஆன் ஓதிய ஒரு மாணவன் கல்லூரியில் சேர்ந்து நன்றாக ஓடினான். பயிற்சி நேரமும் மதரஸா நேரமும் மோதின. அவன் தந்தை என்னிடம் ஆலோசனை கேட்டார். "ஓடி என்ன கிடைக்கப் போகிறது?" என்றேன். மறுவாரமே அவன் ஓட்டத்தை நிறுத்திவிட்டான். இன்று வளைகுடாவில் ஒரு கடையில் வேலை செய்கிறான். விடுமுறையில் வந்தவன் அன்போடு ஸலாம் சொன்னான். குறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. வகுப்பின் நேரத்தை மாற்றியிருந்தால் இரண்டும் நடந்திருக்கும்.

ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் வரலாற்றைப் பலமுறை பாடம் நடத்தியவன் நான். மதீனாவுக்குத் திரும்பும் வழியில், ஓட்டத்தில் தோல்வியே கண்டிராத ஓர் அன்ஸாரித் தோழர், தம்மோடு ஓட யாரேனும் உண்டா என்று அறைகூவினார். ஸலமா (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அனுமதி வேண்டினார்கள். விரும்பினால் ஓடலாம் என்று அண்ணலார் இசைந்தார்கள். ஸலமா அவர்கள் ஓரிரு மேடுகள் வரை மூச்சைச் சேமித்து ஓடி, பின்னர் முந்திச் சென்று வென்றார்கள். ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற நிகழ்ச்சி இது. ஓடி என்ன கிடைக்கும் என்று அண்ணலார் கேட்கவில்லை. கேட்டவன் நான்.

மண்டபத்தூரிலிருந்து திரும்பிய வாரமே, கல்லூரி மாணவர்களுக்கென மஃரிபுக்குப் பின் தனி வகுப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டேன். பெற்றோர்களே! தொழுகையும் ஒழுக்கமும் பேணி, மைதானத்துக்குச் செல்ல உங்கள் பிள்ளை அனுமதி கேட்டு நின்றால், இல்லை என்பதற்கு முன் மண்டபத்தூர்த் தந்தை நட்டுவைத்த அந்த இரண்டு பனைமட்டைகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

நம் பிள்ளைகளின் உடலுக்கும் உள்ளத்துக்கும் வல்ல அல்லாஹ் வலிமை நல்குவானாக! ஆமீன்.