சட்டத்தில் மட்டும் ஓடும் படகு

சென்னையின் பக்கிங்காம் கால்வாய் சட்டப்படி ஒரு தேசிய நீர்வழி. 2008 ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம், காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் சில பகுதிகளையும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என அறிவித்தது. 2016 ஆம் ஆண்டின் சட்டம் 111 நீர்வழிகளை ஒரே பட்டியலில் அடக்கியபோது இதுவும் அதில் இடம்பெற்றது. பதுளையில் இருந்துகொண்டு சென்னைக் கால்வாயைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1806 இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட இந்தக் கால்வாய் படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி, 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது. பசித்தவர்கள் கூலிக்கு மண் சுமந்த காலம் அது. அதே பஞ்சம் துரத்திய வேறு பலர் கடல் கடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே வந்து சேர்ந்தனர். அந்தக் கால்வாயும் எங்கள் மலையகமும் ஒரே பசியின் இரண்டு கிளைகள் என்றே எனக்குத் தோன்றும்.

நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் ஓடின. 1965, 1966 ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகுப் போக்குவரத்தும் தேய்ந்தது. பின்னர் சென்னையின் பறக்கும் ரயில் பாதை கால்வாயை ஒட்டியும் அதன் மேலாகவும் அமைந்தது. 1997 இல் ரயில் திருமயிலையை எட்டியது. பஞ்சத்தில் வெட்டப்பட்ட அதே பகுதியில், நீருக்குள் தூண்கள் நிற்கின்றன. அந்த ரயிலில் சென்றபோது சன்னல் வழியே பார்த்தேன். கறுத்த கழிவுநீர், ஆகாயத்தாமரை, கொங்கிரீட் தூண்கள். படகு எங்கே புகும்?

கவனிக்க வேண்டியது வரிசையை. தூண்கள் முதலில் வந்தன. சட்டம் பின்னர் வந்தது. நாடாளுமன்றம் ஒரு நீர்வழியைத் தேசிய நீர்வழி என அறிவித்தால், அங்கே கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும், வளர்க்கும் பொறுப்பு மத்திய அரசிடம் சேரும். அவ்வளவே. அறிவிப்பு தூண்களை அகற்றாது, தூர் வாராது, சாக்கடையைத் தடுக்காது. தேசிய நீர்வழி 4 இன் முதற்கட்டப் பணிக்குக்கூட, கிருஷ்ணா நதியில் முக்தியாலாவுக்கும் விஜயவாடாவுக்கும் இடைப்பட்ட பகுதியே தெரிவுசெய்யப்பட்டது.

ஊவாவில் வாழ்பவனுக்கு இது புதிதன்று. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடையூறாக இருந்தது. பசறையிலும் ஹாலிஎலயிலும் தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரை அனுப்பலாம். அவரோ தமது லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடச் சபைப் பணத்தைக் கேட்டால், சட்டம் குறுக்கே நிற்கும். 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நல்ல காரியம், வரவேற்று நானும் எழுதினேன். ஆயினும் திருத்தம் அனுமதியைத்தான் தந்தது, பணத்தைத் தரவில்லை. வருமானம் குறைந்த சபைக்கு அனுமதி மட்டும் பாதை போட்டுத் தராது.

எனவே சட்டமே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 33 ஆம் பிரிவு இருந்தவரை தோட்டத்து மனிதன் கேட்கவே முடியாது, இன்று கேட்கலாம். கேட்கும் உரிமை சிறிதன்று. அதுபோலவே, கால்வாயில் இனியொரு தூணை நடுவோரிடம் இது நீர்வழியல்லவா என்று கேட்கச் சென்னை மக்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது. ஆனால் கேட்பதற்கு ஆள் வேண்டும். சட்டம் நிறைவேறிய நாளில் பட்டாசு கொளுத்துவோர், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு எத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டது என்று புரட்டிப் பார்ப்பதில்லை. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் நிறைவேற்றத்தைத் தலைப்பிலே போடுகிறோம், ஒதுக்கீட்டை மறந்துவிடுகிறோம். ஒரு சட்டத்தின் உண்மையான செய்தி, அது நிறைவேறிய மறுநாளிலிருந்துதான் தொடங்குகிறது.