இனிஷியல்

டெல்லியை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கூட ஒரு பெரியம்மாவை அழைத்துப் போங்கள். கைடு சொல்கிற சரித்திரத்தில் பாதி தள்ளுபடியாகிவிடும்.

குதுப்மினார். "73 மீட்டர். குத்புதீன் ஐபக் ஆரம்பிச்சு, இல்டுமிஷ் முடிச்சது" என்று போர்டைப் படித்துச் சொன்னேன். எனக்கும் இதுதான் முதல் தடவை. எழுபத்தாறு வயதுப் பெரியம்மா அண்ணாந்து பார்த்து, "மேல ஏற உடுவாங்களா?" என்றார். 1981-ல் நெரிசலில் பலர் இறந்ததிலிருந்து விடுவதில்லை என்றேன். "அப்ப இம்மாம் உசரம் எதுக்கு?"

பக்கத்திலேயே 1,600 வருஷமாகத் துருப்பிடிக்காத இரும்புத் தூண். "நம்ம வூட்டு கேட்டு மூணு வருஷத்துல போச்சே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். செங்கோட்டையில் ஷாஜகானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தியா கேட் எப்பப்பா?" என்பதே கேள்வி.

வந்தது. 42 மீட்டர் உயர வளைவு. சுவரெல்லாம் பெயர்கள், 13,000-க்கு மேல்.

"இதுல இருக்குமா?"

"இல்ல பெரியம்மா. இவங்கெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல, முதல் உலகப் போர்ல, ஆப்கான் சண்டையில செத்தவங்க."

முகம் வாடிவிட்டது.

எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. பெரியப்பா 1971 போரில் போனவர். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். தந்திதான் வந்தது, உடல் வரவில்லை. அப்புறம் பென்ஷன். ஒரு காகிதத்தில் இனிஷியல் 'எம்', இன்னொன்றில் 'என்'. அந்த ஓர் எழுத்துக்காக நாலு வருஷம் ஓர் ஆபீஸுக்கு நடந்தார். "நீ சொல்ற ஆள் வேற, இந்த ஆள் வேற" என்றார்களாம்.

இந்தியா கேட்டுக்கு அந்தப் பக்கம், 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடம். சுதந்திரத்துக்குப் பின் உயிர்விட்ட 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வட்டம் வட்டமான சுவர்களில். ஆளுக்கு ஒரு கிரானைட் பலகை. திரையில் பெயரைத் தட்டினால் எங்கே என்று காட்டுகிறது. காட்டியது.

நல்லவேளை, கைக்கு எட்டுகிற உயரம். அழுவார் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அழவில்லை. புடவைத் தலைப்பால் கல்லைத் துடைத்தார்.

"இனிஷியல் இன்னா போட்டிருக்கான்?"

"எம்."

"நல்லா பாத்துச் சொல்லு."

"எம்தான் பெரியம்மா."

அந்த எழுத்தை மட்டும் விரலால் இரண்டு தடவை தடவினார். "நான் சொன்னப்ப ஒருத்தனும் நம்பலையே" என்றார். கோபம் இல்லை, பெருமை மாதிரி இருந்தது.

தாமரைக் கோயில் பாக்கி இருந்தது. டூர் பஸ்ஸில் நேரமாகிவிட்டது என்று போனில் கத்தினார்கள்.

"நீ வேணா போய்ட்டு வா. நான் டெல்லி பாத்துட்டேன்" என்று அங்கேயே திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் போகவில்லை.